இரண்டு வெள்ளைப் பம்பர்கள்

வலது கையில் உப்புத்தாள், இடது கையில் ஒன்றுமில்லை. வலது கை கார்க் கதவின் மேல் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போக, இடது கை அதன் பின்னாலேயே வந்து, வழிகிற சாம்பல் நிறத் தண்ணீரைத் துடைத்துவிட்டு, உள்ளங்கையைப் பரப்பித் தடவிப் பார்த்தது. தடவும்போது கண்கள் அங்கே இல்லை. எதிர்ச் சுவரில் தொங்கிய காற்றுக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசிக் காய்ந்த இடத்தில் மயிரிழை அளவு மேடு இருந்தாலும் விரல்கள் அங்கே தயங்கி நிற்கும். நின்ற இடத்தில் மறுபடியும் தாள் இறங்கும். வாளித் தண்ணீர் கறுத்துக்கொண்டே வந்தது.

"பெயின்டரம்மா! உள்ள இருக்கீங்களா?"

"இருக்கேன், வாங்க வாத்தியாரே. கதவுல சாஞ்சிடாதீங்க, ஈரம்."

வந்தவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஸ்கூல் என்றால் ஒரு வெள்ளைக் கார், ஒரு வாத்தியார், கூரை மேல் கழற்றி மாட்டுகிற ஒரு பலகை, அவ்வளவுதான். ஆனால் அவரிடம் ஓட்டப் பழகியவர்களைத் தனியாக அடையாளம் கண்டுவிடலாம். ஈ காக்கை இல்லாத தெருவிலும் திரும்புவதற்கு முன் விளக்குப் போடுவார்கள். வாத்தியாரோ, வண்டியை நிறுத்த முறையான இடம் கிடைக்காவிட்டால் போன வேலையையே விட்டுவிட்டு வீடு திரும்புகிற மனிதர். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் அவர் சொல்லிக்கொடுப்பது ஸ்டியரிங்கும் இல்லை, கிளட்சும் இல்லை. ஏறுவதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்ப்பது.

அப்படிப்பட்டவரின் முகம் அன்றைக்குப் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என் வண்டி உங்க ஷெட்ல எது வரைக்கும் இருந்ததும்மா? போன வெள்ளிக்கிழமை இங்கதானே இருந்தது?"

"புதன்கிழமை சாயங்காலமே எடுத்துட்டுப் போயிட்டீங்களே. மறுநாள் யாருக்கோ டெஸ்ட்டுன்னு காலுல வெந்நீர் ஊத்தின மாதிரி நின்னீங்க."

வாத்தியார் அங்கே கிடந்த பெயின்ட் டின்னின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அதானே. எனக்கே என் மேல நம்பிக்கை போயிடுச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரி வாசல்ல, ஆம்புலன்ஸ் நிக்கிற இடத்துல நான் வண்டிய நிறுத்தினேனாம். பைன் வந்திருக்கு. நான்! ஆம்புலன்ஸ் இடத்துல!"

உள்ளே மட்கார்டு ஒன்றைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்த டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்தார். அவர்தான் பெயின்டரம்மாவின் புருஷன். "கடைசியில நீங்களும் எங்க கட்சியில சேந்துட்டீங்களா வாத்தியாரே? வாங்க வாங்க."

"சிரிக்காதீங்க. அன்னிக்கு மத்தியானம் நான் வீட்ல படுத்துத் தூங்கிட்டு இருந்தேன். வண்டி வாசல்ல நின்னுச்சு. பாக்க ஒரு ஆள் இல்ல. பணம் போனா போகுது. ஆனா ஆம்புலன்ஸ் இடத்துல நிறுத்தினவனுக்கு, ஓட்டக் கத்துக் குடுக்கிற லைசென்ஸ புதுப்பிக்க மாட்டாங்க. எனக்கு அடுத்த மாசம் புதுப்பிக்கணும். அது போச்சுன்னா நான் வேற எந்த வேலைக்குப் போறது? எனக்கு வேற என்ன தெரியும்?"

அபராதத்தை மறுக்கிறவர்கள் போகிற ஆபீசுக்கு ஏற்கனவே ஒரு தடவை போய் வந்திருந்தார். அங்கே இருந்த அதிகாரி அம்மா போட்டோவைக் காட்டினாராம். சுவரை ஒட்டிப் பின்புறமாக நுழைத்து நிறுத்திய வெள்ளைக் கார். முன்பக்கம் மட்டும் தெரிகிறது. நம்பர் அச்சு அசலாக அவருடையது. சொல்லிக்கொடுக்கிற ஆளுக்கென்று தன் காரில் பின்னால் வருவதைப் பார்க்க இரண்டாவதாக ஒரு கண்ணாடி இருக்குமே, போட்டோவில் அது இல்லையே என்று வாத்தியார் கேட்டிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றி வைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான் என்று வாத்தியாரே ஒப்புக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை எங்க ஷெட்லதான் நின்னுச்சுன்னு நாங்க சொல்லிட்டாப் போச்சு," என்றார் டிங்கர். "யாரு வந்து பாக்கப் போறா?"

"பொய் சொல்லி லைசென்ஸ் வாங்கிட்டு நான் யாருக்கு என்னத்தக் கத்துக் குடுக்கிறது?" வாத்தியார் எழுந்து நின்றார். அதற்குள் அவருடைய போன் அடித்தது. யாரோ மாணவர். "இன்னிக்குக் கிளாஸ் இல்ல… இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல…" என்று சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டித் தெருமுனை வரை போய்விட்டார்.

பெயின்டர் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் பாதிப் பேருக்கு அவள் பெயின்டரம்மா, மீதிப் பேருக்குப் பெயின்டர் அக்கா. அவள் இந்தத் தொழிலை யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. கல்யாணமான புதிதில் ஷெட்டில் பெயின்ட் அடிக்க வேறொருவர் இருந்தார். புருஷனோடு ஏதோ வாய்த் தகராறில் அவர் ஒரு கதவைப் பாதி சிவப்பும் பாதி பிரைமருமாக விட்டுவிட்டு, பெயின்ட் பீய்ச்சும் கன்னைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை வண்டிக்காரர் வந்து நிற்பார். டிங்கர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் அந்தக் கன்னை எடுத்தாள். அந்தக் கதவு பாழாய்ப் போனது. வண்டிக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஆனால் அவள் விடவில்லை. காயலான் கடையிலிருந்து ஒரு பழைய கதவை வாங்கி வந்து ஷெட்டின் பின்னால் நட்டுவைத்து, அதே கதவில் அடிப்பதும் காய்ந்ததும் தேய்த்து எடுப்பதும் மறுபடி அடிப்பதுமாக ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. பெயின்ட் ஏன் வழிகிறது, ஏன் தோல் உரிகிற மாதிரி சுருங்குகிறது, ஈரக் காற்றில் ஏன் பாலாடை பூத்த மாதிரி மங்குகிறது என்பதையெல்லாம் அந்த ஒரு கதவுதான் அவளுக்குச் சொல்லித் தந்தது.

இப்படிக் கற்றுக்கொண்டதில் ஒரு கோளாறும் கூடவே வந்தது. அவள் கண்ணில் நிறம் விழும், பள்ளம் விழும், பழைய பெயின்டுக்கும் புதிய பெயின்டுக்கும் நடுவே உள்ள ஒட்டு விழும். வண்டியின் நம்பர் மட்டும் விழாது. ஒரு வண்டியைப் பற்றிப் பேசினால், "மருந்துக்கடைக்காரர் நீலம்", "மூக்கு நசுங்கின பச்சை" என்றுதான் சொல்வாள். நம்பர் பிளேட் என்பது அவளைப் பொறுத்தவரை கன்னை எடுப்பதற்கு முன்னால் கழற்றி ஆணியில் மாட்ட வேண்டிய தகரம்.

ஷெட்டுக்கு வந்த எந்த வண்டியையும் ஒரு தடவை தடவிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. வாத்தியாரின் கார் முன்னால் குனிந்து, போன வாரம் தான் அடித்த பம்பரை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டு வந்தாள். மேலே கண்ணாடி மாதிரி இருந்தது. கீழ் விளிம்புக்கு உள்ளே, பார்வைக்கு மறைவான இடத்தில், விரல் ஒரு கணம் நின்றது. பெயின்ட் வழிந்து உறைந்த ஒரு சொட்டு.

அவளுக்குத் திக்கென்றது. இந்தச் சொட்டை அவளுக்குத் தெரியும். ஆனால் இது வாத்தியார் வண்டியில் இருக்க முடியாது. வாடிக்கைக்காரர் வண்டியில் இப்படி ஒரு சொட்டை விட்டுக் கொடுக்கிற ஆள் இல்லை அவள். இது அவளுடைய தம்பி வண்டியின் பம்பர். "நம்ம வண்டிதானே, அடுத்த தடவ வரும்போது தேச்சு விட்டுடலாம்" என்று அவள் விட்டுவைத்த சொட்டு.

நிமிர்ந்து முதல் தடவையாக நம்பரைப் படித்தாள். பின்பக்கம் போய் அங்கே இருந்ததையும் படித்தாள். எல்லாம் ஒன்றுதான், கடைசி எண் மட்டும் வேறு.

ஒரு மருந்துக் கம்பெனி தன்னுடைய பழைய கார்களை விற்றபோது, அந்த விற்பனைக்காக வண்டிகளுக்கு மெருகு போட்டவள் அவள்தான். நல்ல வண்டிகள், விலையும் கட்டுப்படியாகும் என்று தம்பிக்கும் வாத்தியாருக்கும் சொன்னவளும் அவள்தான். இருவரும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். ஒரே வெள்ளை, ஒரே மாடல், ஒரே நாளில் பதிவானதால் அடுத்தடுத்த நம்பர். போன வாரம் வாத்தியாரின் வண்டி, ஒரு மாணவி கேட் தூணுக்கு முத்தம் கொடுத்ததால் வந்தது. தம்பியின் வண்டி, முன்னால் நின்ற வேனின் கொக்கியில் அவனே போய் மாட்டிக்கொண்டதால் வந்தது. இரண்டுக்கும் முன் பம்பர் வேலை.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க."

டிங்கர் வந்து பார்த்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், மறுபடி முன்னால் வந்தார். "அடக் கடவுளே."

"நீங்கதானே மாட்டினீங்க?"

"நான் மாட்டினேன், சரி. வரிசையா வச்சது யாரு? வாசப்பக்கம் ஸ்டாண்டுல இருக்கிற பம்பர் வாசப்பக்கம் நிக்கிற வண்டிக்கு, சுவர்ப்பக்கம் இருக்கிறது சுவர்ப்பக்க வண்டிக்கு. நம்ம ஷெட்ல என்னிக்காவது இது மாறியிருக்கா?"

மாறியதில்லை. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியதே அவள்தான். பம்பர் வண்டியில் ஏறிவிட்டால் பின்னால் கை நுழையாது, பிளேட்டின் நட்டை முடுக்க முடியாது. அதனால் ஸ்டாண்டில் இருக்கும்போதே அவள் பிளேட்டை மாட்டிவிடுவாள். வண்டியில் ஏற்றுவது டிங்கர் வேலை. அவர் நம்பர் பார்ப்பதில்லை, வரிசையைப் பார்ப்பார். அன்றைக்கு நடந்தது இப்போது அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்தச் சொட்டு மனதை உறுத்த, வெளிச்சத்தில் ஒரு தடவை பார்க்கலாமென்று தம்பியின் பம்பரைத் தூக்கி, வாத்தியார் வண்டி நின்ற வாசல் பக்கம் வைத்தாள். மற்றதை நகர்த்தி இடம் பண்ணினாள். சரி, அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்று கை கழுவப் போனாள். திருப்பி வைக்கவில்லை.

"நான்தான் மாத்தி வச்சிருக்கேன்," என்றாள்.

டிங்கர் தெருமுனையைப் பார்த்தார். வாத்தியார் இன்னும் போனில் இருந்தார். டிங்கர் குரலைத் தாழ்த்தினார். "இத இப்பவே கழட்டி வச்சிடறேன். சாயங்காலம் மாப்ள வண்டியையும் வரச் சொல்லி மாத்திடலாம். வாத்தியார் பைனை நாமளே கட்டிடுவோம். அவருக்குத் தெரியவே வேணாம்."

"பைன் பெரிசில்லன்னு சொன்னாரே, கேட்டீங்களா இல்லையா?"

"அப்போ உன் தம்பி மாட்டுவான். ஆஸ்பத்திரிக்கு ரத்தம் எடுத்துட்டுப் போறவன் அவன்தான். ஆம்புலன்ஸ் இடத்துல நின்னது அவன்தான்."

ஸ்பானருடன் குனியப் போனவரின் கையைப் பிடித்தாள். "கை வைக்காதீங்க. இப்படியே இருக்கட்டும்." பிறகு தெருமுனையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "வாத்தியாரே! இங்க வந்து உங்க வண்டி நம்பரப் படிங்க. முன்னாலயும் படிங்க, பின்னாலயும் படிங்க."

வாத்தியார் படித்தார். முதலில் புரியவில்லை. புரிந்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஒரு வாரமா இதையா ஓட்டிட்டுத் திரியறேன்? தினமும் சுத்தி வந்து பாக்கறேனே! டயரப் பாக்கறேன், லைட்டப் பாக்கறேன், அடியில எண்ணெய் ஒழுகுதான்னு பாக்கறேன்…"

"நம்பர யாரு பாக்கறா வாத்தியாரே? அதுவா எழுந்து நடந்து போகப் போகுது?" என்றார் டிங்கர்.

"தப்பு எங்க கடையோடது," என்றாள் அவள். சொட்டையும் ஸ்டாண்டையும் பற்றி ஒன்று விடாமல் சொன்னாள். வாத்தியார் கோபப்படுவார் என்று காத்திருந்தாள். அவர் கோபப்படவில்லை, மூச்சு வந்த மாதிரி இருந்தார். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அப்போ அந்த இன்னொரு வண்டி யாருது?"

"என் தம்பியோடது."

"அந்த ஆபீசர் அம்மா ஒண்ணு சொன்னாங்க. நான் இல்லன்னு யாரு வேணாலும் சொல்லலாமாம். உண்மையில ஓட்டினவரே நேர்ல வந்து ஒத்துக்கிட்டாத்தான் பேர மாத்துவாங்களாம். இல்லன்னா என் பேர்லயே நிக்குமாம்." வாத்தியார் காரின் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். "வேற ஒருத்தர் நம்பரோட இத இனி ஒரு அடி ஓட்ட மாட்டேன். நான் பஸ்ல போறேன்."

தம்பி சாயங்காலம் வந்தான். பரிசோதனைக் கூடம் ஒன்றுக்காக ஆஸ்பத்திரிகளிலிருந்து ரத்த மாதிரிகளை எடுத்துச் செல்கிறவன். எப்போதும் ஓட்டம், எப்போதும் தாமதம். பக்கத்து சீட்டில் சிவப்புப் பெட்டி, அதன் மேல் பாதி கடித்த பிஸ்கட் பாக்கெட். இறங்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தான்.

"என்னக்கா, அவசரமா வான்னு? மாமா மறுபடி கால்ல சுத்தியலப் போட்டுக்கிட்டாரா?"

"உன் வண்டி முன்னால போய் நம்பரப் படிடா."

படித்தான். விஷயத்தைச் சொன்னதும் முதலில் அவனுக்கு வந்தது சிரிப்புதான். "அதான் எனக்குப் பைனே வரலையா! பார்க்கிங் பாக்கற அந்த வார்டன் அம்மா போட்டோ எடுத்தத நான் பாத்தேனே. எங்கயோ தொலஞ்சு போச்சு, நம்ம நல்ல நேரம்னு நெனச்சேன்."

"நல்ல நேரம் உனக்கு. அந்த மனுஷனுக்கு லைசென்ஸ் போகுது."

"ரெண்டு நிமிஷம்தான்கா நின்னேன்."

"ஆம்புலன்ஸ் நிக்கிற இடம்டா."

"நானும் ரத்தம்தானே கொண்டு போறேன்? பலூனா கொண்டு போறேன்?" அவன் சிரிப்பு மறைந்தது. "இங்க பாருக்கா. பைன் எவ்வளவோ அத நான் குடுத்துடறேன். ஆனா நான் வந்து ஒத்துக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில தகராறு பண்ணினான்னு லேப்ல தெரிஞ்சா நாளைக்கே வேற ஆளப் பாத்துக்குவாங்க. வேலை கேட்டு எத்தனை பேரு வாசல்ல நிக்கறான் தெரியுமா?"

"உன்ன வான்னு நான் கட்டாயப்படுத்தல. பம்பர் மாறினது என்னால. அத நான் போய்ச் சொல்லப் போறேன். அந்த வண்டி யாருதுன்னு கேட்டா, தெரியாதுன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

"கூடப் பொறந்தவன காட்டிக் குடுப்பே?"

"கேட்டா சொல்லுவேன்."

"மாமா, இவங்ககிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன்."

"நான் சொல்லிப் பாத்தாச்சு மாப்ள," என்றார் டிங்கர். "பொய் சொன்னா உங்க அக்காவுக்குக் காது செவந்திடும். என்னைக்காவது சர்ப்ரைஸா ஒரு பொருள் வாங்கிட்டு வந்து மறைச்சு வச்சிருக்காளா? முடியாது."

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியை இங்கேயே விட்டுப் போகச் சொன்னாள்; டிங்கர் தன் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்தார். சிவப்புப் பெட்டியை முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிப் போனான். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் யாராவது அவனை அடித்தால், அடித்தவன் வீட்டுக்கே போய் நிற்கிற அக்கா அவள். இப்போது அவனையே கொண்டுபோய் நிறுத்துகிறேனோ என்று நினைத்தாள். உள்ளே போய், பாதியில் விட்ட கதவைத் தேய்க்க ஆரம்பித்தாள். அன்றைக்குக் கை சரியாக ஓடவில்லை. ஒரே இடத்தையே தேய்த்து, அடித்தகரம் தெரிகிறவரை போய்விட்டாள்.

ஆபீசுக்குப் போன நாளில் வாத்தியார் புதிதாக ஒரு பிடிவாதம் பிடித்தார். இரண்டு கார்களையும் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தாகிவிட்டது. ஆனால் அபராதத் தாளின் பின்பக்கம், "மூல ஆதாரங்களை நேரில் கொண்டுவர வேண்டும், நகல்கள் ஏற்கப்படா" என்று போட்டிருந்தது.

"போட்டோன்னா நகல்தானே? மூலம் இதுதானே?" என்று பம்பரைக் காட்டினார்.

"வாத்தியாரே, இதத் தூக்கிட்டா போறது?"

"சட்டத்துல அப்படித்தான் இருக்கு."

ஆக, நம்பர் பிளேட் மாட்டியபடியே இரண்டு வெள்ளைப் பம்பர்களும் கழன்றன. ஒரு தெரிந்தவரின் திறந்த வேனில் ஏறி ஆபீஸ் வாசலில் இறங்கின. காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"என்ன இது?"

"ஆதாரம்," என்றார் வாத்தியார்.

லிப்டில் நுழையவில்லை. படிக்கட்டில் முன்னால் டிங்கரும் பின்னால் வாத்தியாருமாக ஒன்றைத் தூக்க, அவள் இன்னொன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏறினாள். திருப்பத்தில் இறங்கி வந்தவர்கள் எல்லாம் சுவரோடு சுவராக ஒட்டி நின்று வழி விட்டார்கள். "பாத்து, பாத்து, சுவத்துல உரசிடாதீங்க, பெயின்ட்டு!" என்று அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். கேஸ் என்ன ஆகுமோ, அந்தப் பெயின்டுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது அவளுக்கு.

மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த அந்த அதிகாரி, கதவு வழியாக முதலில் பம்பர் வருவதையும் பிறகு ஆட்கள் வருவதையும் பார்த்தார்.

"போன தடவ கண்ணாடின்னு சொன்னீங்க. இந்தத் தடவ பம்பரா? அடுத்த தடவ இன்ஜினோட வருவீங்களா?"

ஆனாலும் உட்காரச் சொல்லி, முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். அவள் சொட்டைக் காட்டினாள். அதிகாரி எழுந்து வந்து, தானும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் இடத்துக்குத் திரும்பினார்.

"நீங்க சொல்றது நடந்திருக்கலாம். நான் இல்லன்னு சொல்லல. ஆனா இந்த பிளேட்ட நேத்து ராத்திரி உக்காந்து மாத்தி மாட்டியிருக்கலாமே. முடியுமா, முடியாதா?"

"முடியும்," என்றாள் அவள். "நட்டு ரெண்டுதான்."

டிங்கர் அவளை முறைத்தார்.

"அப்போ எனக்கு வேண்டியது ஓட்டின ஆள். அந்த இன்னொரு வண்டி யாருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவள் வாயைத் திறந்தாள். வார்த்தை வருவதற்கு முன்னால் கதவு திறந்தது. வியர்வை ஒழுக, சிவப்புப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு தம்பி நின்றான்.

"கீழ எங்கயுமே நிறுத்த இடமில்ல. ஸ்கூட்டருக்குக்கூட இல்ல. எங்கயோ கொண்டு போய் விட்டுட்டு ஓடி வரேன்." அதிகாரியைப் பார்த்தான். "அது என் வண்டிங்க. நான்தான் நிறுத்தினேன்."

"உங்களுக்கு அதுல என்ன லாபம்?"

"ஒரு லாபமும் இல்லீங்க. வேல போனாலும் போகும்." பெட்டியைக் கீழே வைக்காமலே பேசினான். "மேல போனேன், சாம்பிள் ரெடியாகலைன்னாங்க, நின்னுட்டேன். இறங்கி வந்தா வெளியில ஒரு ஆம்புலன்ஸ் உள்ள வர இடமில்லாம நின்னுட்டிருந்தது. அந்த டிரைவர் இறங்கி வந்து என்ன வாய்க்கு வந்தபடி திட்டினார். ஸ்ட்ரெச்சர ரோட்டுலயே எறக்கித் தள்ளிட்டுப் போனாங்க. படுத்திருந்தவர் முகத்துல வெயில் அடிக்குதுன்னு ஒரு அம்மா கையால மறச்சுக்கிட்டே ஓடினாங்க." நிறுத்தினான். "ரெண்டு நிமிஷம்னு அக்காகிட்ட சொன்னது பொய்."

அதிகாரி கம்ப்யூட்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதையோ தேடிப் படித்தார். "ஆம்புலன்ஸ் வெளியில நின்னதா வார்டன் எழுதியிருக்காங்க. ஸ்ட்ரெச்சர ரோட்டுல எறக்கினதும் இருக்கு. இது இவருக்குப் போன தாள்ல அச்சாகல." வாத்தியாரைப் பார்த்தார். "உங்க பேர எடுத்துடறேன். லைசென்ஸ் ஆபீசுக்கும் நானே தகவல் அனுப்பிடறேன்." தம்பியிடம், "புதுசா உங்க பேருக்கு வரும்," என்றார். கடைசியாக அவளிடம் திரும்பினார். "மாத்தி மாட்டினதுக்கு உங்க ஷெட்டுக்கு ஒரு எச்சரிக்கை வரும். இன்னொரு தடவ ஆச்சுன்னா எச்சரிக்கையோட நிக்காது."

"சரிங்க," என்றாள்.

"இதெல்லாத்தையும் தூக்கிட்டுப் போங்க. போட்டோவே போதும்மா."

வாத்தியார் தாளின் பின்பக்கத்தைக் காட்ட வாயெடுத்தார். டிங்கர் அவர் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

படிக்கட்டில் இறங்கும்போது தம்பி பம்பரின் ஒரு முனையைப் பிடித்தான். அக்காவுடன் பேசவில்லை. லேபில் தானே போய் விஷயத்தைச் சொன்னான் என்பதும், வேலையிலிருந்து நிறுத்தாமல், அந்த ஆஸ்பத்திரிக்கு மட்டும் போக வேண்டாம், தூரத்து கிளினிக்குகளைப் பார் என்று மாற்றிவிட்டார்கள் என்பதும் அவளுக்கு டிங்கர் மூலமாகத்தான் தெரிந்தது. அவள் போன் செய்தால் அவன் எடுக்கவில்லை. வண்டியை எடுத்துப் போகவும் தான் வராமல் நண்பன் ஒருவனை அனுப்பினான். அதற்கு முன் அந்தச் சொட்டைத் தேய்த்து எடுத்து, அந்த விளிம்புக்கு மட்டும் மறுபடி அடித்து, காயவைத்து அனுப்பினாள். அவன் குனிந்து பார்க்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

வாத்தியார் வண்டிக்கு அவளே பம்பர் ஏற்றினாள். டிங்கர் இரண்டு முனைகளையும் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பின்னால போய் நம்பரச் சொல்லுங்க."

"நான் போனா இத யாரு புடிக்கிறது?"

"சரி, நான் போறேன்." போய்ப் படித்துவிட்டு வந்து, முன்னால் இருப்பதோடு ஒப்பிட்டு, உதடு அசையச் சொல்லிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் முதல் போல்ட்டை முடுக்கினாள். இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். இடது பக்கம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. தளர்த்தி, நகர்த்தி, மறுபடி முடுக்கினாள். மேலே தூசு படிந்திருந்ததை ஈரத் துணியால் ஒரு தடவையும் காய்ந்த துணியால் ஒரு தடவையும் துடைத்தாள்.

வாத்தியார் பஸ்ஸில் வந்து இறங்கினார். கூடவே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். துணிக்கடையில் தைக்கிறவராம், இதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லையாம், இன்றைக்கு முதல் வகுப்பு. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காரைப் பார்த்து நின்றார்.

"முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டார் வாத்தியார்.

"முடிஞ்சுது. இன்னிக்கு ஒரு நாள் தண்ணி அடிச்சுக் கழுவாதீங்க. மத்தபடி ஓட்டலாம்." சாவியை வாத்தியாரிடம் நீட்டினாள்.

வாத்தியார் கையை நீட்டவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணைக் காட்டினார். "அவங்ககிட்ட குடுங்க. இங்கேருந்தே ஆரம்பிச்சிடலாம்."

"என்கிட்டயா?" என்றார் அந்தப் பெண்.

"பிடிங்கக்கா," என்று பெயின்டர் அக்கா சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.